குறிப்பில் எழுதாதது

பிப்ரவரி 4

அன்புள்ள பட்டாசுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அண்ணியின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்றால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் அறைத்தோழி சிரித்தாளாமே. அவளிடம் சொல். ஆஸ்பத்திரி போன் பிரிவில் காலை எட்டு முதல் நாலு வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, வீட்டிலும் மணி அடித்தால் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கூப்பிடுகிறவர் உடம்புக்கு என்ன என்று சொல்வார். இன்றைக்கே வர வேண்டியவரா, அடுத்த வாரம் போதுமா என்று பார்த்துத் தேதி கொடுக்க வேண்டும். பிறகு அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும்.

ஒரு புதுச் செய்தி. எங்கள் ஆறு பேரின் பழைய குறிப்புகளையெல்லாம் பெயர், விலாசம் எடுத்துவிட்டு ஏதோ கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனில் பதில் சொல்லும் இயந்திரம் வருகிறதாம், அதற்குப் பாடப்புத்தகம் எங்கள் குறிப்புதானாம். மேலாளர் வந்து, இது உங்களுக்கு உதவியாள் மாதிரிதான், யாரும் பயப்பட வேண்டாம் என்றார். அதுவரை எனக்குப் பயம் இல்லை.

உன் புது வேலை எப்படி? வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது, வெந்நீர் இல்லாமலேயே. அண்ணிக்கு முழங்காலில் வீக்கம் இருக்கிறதா, வலி மட்டும்தானா? ஊருக்கெல்லாம் தேதி கொடுக்கிறவன் வீட்டுக்காரிக்கு ஒரு தேதி கொடுக்கக் கூடாதா?

என் வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மேலாகச் சொல்கிறேன். திரையில் ஒருவர் கேட்டது வரும், அதற்குக் கீழே இரண்டு பதில் வரும். எது நல்லது என்று பார்த்துத் தட்ட வேண்டும். நாங்கள் எதைத் தட்டுகிறோமோ அந்த மாதிரி பேச ஓர் இயந்திரம் பழகிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நானூறு. வாத்தியார் வேலைதான், பிள்ளையின் முகம் மட்டும் தெரியாது. நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டுகிறோம். அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. வாயாடியை இப்படி ஓர் இடத்தில் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறது விதி.

பாடப்புத்தகம் எழுதினவர் என்று இனி உன்னை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமா?

பாசமுள்ள,
பட்டாசு

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அண்ணிக்குத் தேதி கொடுத்தாயிற்று. எனக்குத் தெரிந்தவர்கள் மூலமாக இல்லை, போன் செய்து வரிசையில் நின்று. அவளுடைய பிடிவாதம் உனக்குத் தெரியும்.

எனக்கு யாரோடு பேசப் பிடிக்கும் என்று கேட்டிருந்தாயே முன்பு ஒருமுறை. ஒரு கிழவர் இருக்கிறார், நிலம் அளக்கிற உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுவார். வாரம் ஒருமுறை அவருக்குக் கால் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அவர் வீட்டுக்கும் முந்நூற்று நாற்பது தப்படி என்று கணக்குச் சொல்வார், முன்பு நடந்த காலத்தில் அளந்ததாம். ஆளைப் பார்த்ததில்லை. நான் இருப்பது நாலாவது மாடி, அவர் வருவது தரைத்தளம். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள், தனி ஆட்கள். எப்படியோ எல்லாரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். எப்படி என்று கேட்காதே.

நீ யாருக்காவது தப்பாக மார்க் போட்டுத் தொலைக்காதே. கவனம்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலமும் அண்ணி நலமும் அறிய ஆவல்.

இது வேலையைப் பற்றி இல்லை, சும்மா கேட்கிறேன். யார் எதற்குக் கூப்பிட்டாலும், "வரும்போது கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தானே முடிப்பாய்? என்னிடமும் அப்படித்தான் சொல்வாய், பல் பிடுங்கப் போனால்கூட. படி ஏறும்போது மூச்சு வாங்குதா, இறங்கும்போதா என்று கேட்கிறதும் நீதானே? வேறு யாராவது அப்படிக் கேட்பார்களா?

சும்மாதான் கேட்டேன். இந்த மாதம் எனக்கு நல்ல பெயர். எல்லாரும் ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டுகிறார்களாம், நான் மட்டும் ஒரே சீராகத் தட்டுகிறேன் என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணா, காரணம் சொல்ல முடியாத சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பட்டாசு

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். அண்ணிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் தேவலை.

ஆமாம், அப்படித்தான் முடிப்பேன். என்ன திடீரென்று? அம்மா டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போய்வந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. டாக்டர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை, மீதியைக் கேட்கக் கூச்சம். ஒரு வேளை மட்டும் போட வேண்டிய மாத்திரையை மூன்று வேளையும் போட்டாள். கூட ஒருத்தர் போயிருந்தால் போதும். அந்தக் கூட ஒருத்தர் நானாக இருந்திருக்க வேண்டும், அன்றைக்கு எனக்குப் பரீட்சை. அதனால் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

இயந்திரம் வந்துவிட்டது. பத்து நாளாக அதுவும் போன் எடுக்கிறது. ஒட்டுக்கேட்டேன். பரவாயில்லை, நன்றாகவே பேசுகிறது. கோபமே வரவில்லை அதற்கு. எனக்கு மாலை மூன்று மணிக்கு மேல் குரல் கொஞ்சம் சிடுசிடுக்கும், அதற்கு அதுவும் இல்லை. ஆறு பேரில் நாலு பேரை வேறு இடத்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. என்னை வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். பார்ப்போம்.

வெயில் அதிகம், பார்த்துப் போய்வா.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா? ஒப்புக்குக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தாய். வேலை நாளில், வேலை நேரத்தில், போனைத் தொடவே பிடிக்காதவன். பத்து நிமிஷம் மழை வருமா வராதா என்று பேசினாய். பிறகு என் செருப்பு அளவைக் கேட்டாய். என்னண்ணா ஆச்சு என்றதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா குரல் கேக்கணும்னு தோணுச்சு" என்றாய். வைத்த பிறகு வேலையில் கை ஓடவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மழுப்பாமல் பதில் போடு.

பட்டாசு

ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், மிச்ச நேரம் அண்ணிக்கு இடைஞ்சலாக இருக்கிறேன். சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தேன். அவளுக்கு இரண்டு நாள் உப்பு கிடைக்கவில்லை, எனக்கு இரண்டு நாள் பேச்சு கிடைக்கவில்லை.

மே மாதக் கடைசியோடு என்னை அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டார்கள், அதில் நான் இல்லை. மேலாளர் நல்ல மனுஷன். கூப்பிட்டு உட்கார வைத்து, மற்றவர்கள் குறிப்பைவிட உங்கள் குறிப்பிலிருந்துதான் இயந்திரம் அதிகம் கற்றுக்கொண்டிருக்கிறது, அதனால் நீங்கள் செய்வது எல்லாமே அதற்கு வந்துவிட்டது, மற்ற இரண்டு பேருடைய விதம்தான் இன்னும் வரவில்லை என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருமுனை வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று உறைத்தது.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வேலை போவது, நடுத்தெருவில் வேட்டி அவிழ்கிற மாதிரி இருக்கிறது. நீ கவலைப்படாதே. மருந்துக்கடையில் ஆள் கேட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 16

அண்ணா,

நலம் விசாரிக்கிற தைரியம் எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் திரையில் வந்த பதில்கள் உங்கள் ஆஸ்பத்திரிக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை, ஒரே மாதிரிக் கேள்விக்கு உங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் சொன்னது. பெயர் எதுவும் இல்லை. இரண்டாவது வாரமே உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். படி ஏறும்போதா இறங்கும்போதா என்று நீதான் கேட்டாய். கூட ஒருத்தரைக் கூட்டி வரச் சொன்னேன் என்று நீதான் எழுதியிருந்தாய். திரை முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு உன் பதில் எங்கே வந்தாலும் அதையே தட்டினேன். எட்டு வாரம். பக்கத்துப் பதிலைச் சில சமயம் படிக்கக்கூட இல்லை. என்னைப் படிக்க வைப்பதற்காக உன் படிப்பை நிறுத்தியவன் நீ. உனக்கு யாரும் முதல் மார்க் போட்டதில்லையே, நான் போடுகிறேன் என்று நினைத்தேன். நான் முதல் மார்க் போடப் போட இயந்திரம் உன்னையே மனப்பாடம் செய்கிறது என்பது எனக்குத் தெரியும். அதுதானே என் வேலை, எப்படித் தெரியாமல் இருக்கும்? அது முடிந்ததும் உன்னை என்ன செய்வார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, உன் நாற்காலியை நான்தான் இழுத்தேன்.

ஏப்ரலில் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். திட்டி ஒரு வரியாவது எழுது.

பட்டாசு

ஆகஸ்ட் 20

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. என் கால் பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்தது. உங்க அண்ணன் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்குப் போகவில்லை.

போன வாரம் கடைத்தெருவில் யாரையோ பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து நிலைமை இன்னும் மோசம். கோபம் உன்மேல் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. அவரே எழுதுவார், கொஞ்சம் பொறு. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணி

செப்டம்பர் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எத்தனை கோபத்திலும் அது மாறாது.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். மார்க் போட்டதற்காக இல்லை. ஏப்ரலில் தெரிந்ததை ஜூலையில் சொன்னதற்காக. அதுவும் நாளாக ஆக வடிந்துகொண்டு வருகிறது. இப்போது எழுதப்போவது வேறு.

நிலம் அளக்கிறவர் போய்விட்டார். எங்கள் வார்டு ஊழியரைக் கடைத்தெருவில் பார்த்தேன், அவன்தான் சொன்னான். புண் முற்றிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு அவர் கடைசியாக வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்ததாம். மூன்று திங்கட்கிழமை போனில் பேசுவது கேட்டது, பிறகு பேசுவதை விட்டுவிட்டார் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னாராம்.

அவர் எப்படி வந்து சேர்கிறார் என்று கேட்காதே என்று எழுதியிருந்தேனே, இப்போது சொல்கிறேன். அவர் போன் செய்ததும் நான் வார்டு ஊழியரைக் கூப்பிடுவேன். அவன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் அழைத்து வருவான். ஆஸ்பத்திரி நாற்காலி வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. எழுதினால் அவன் வேலை போகும். அதனால் குறிப்பில் என்ன எழுதுவேன்? கூட ஒருத்தரைக் கூட்டி வரச் சொன்னேன், வந்தார். மற்ற பத்துப் பேருக்கும் இதேதான்.

இயந்திரத்தின் மேல் என்ன தப்பு? அது படித்ததெல்லாம், கூட ஒருத்தரைக் கூட்டி வா என்று சொன்னால் தனி ஆளும் வந்துவிடுவார் என்பதுதான். நான்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறேன், பதினோரு வருஷமாக, அழகான கையெழுத்தில் பொய். யாருமில்லை என்று அவர் சொல்லியிருப்பார். அது மறுபடியும் அதையே மரியாதையாகச் சொல்லியிருக்கும். அவரும் சரி என்று வைத்திருப்பார். மற்றவரைத் தொந்தரவு செய்யக் கூசுகிறவர்.

பத்துப் பேர் மிச்சம் இருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன, எப்படி அழைத்து வர வேண்டும் என்று இத்துடன் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் தெரிந்தவரை போட்டிருக்கிறேன். விலாசம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை, வார்டு ஊழியரையும் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவனிடம் கேட்டால் மூன்று தெருவின் பெயரைச் சொல்கிறான், எப்போதோ ஒருமுறை போன வீடெல்லாம் நினைவில்லை என்கிறான். மேலாளரிடம் போனேன். வருத்தப்பட்டார், ஆனால் வெளி ஆளுக்கு நோயாளி விவரம் தர முடியாது என்றார். வெளி ஆள் நான்தான். இயந்திரத்தைத் திருத்துவது கம்பெனி வேலை என்றார். அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான். இதை எப்படியாவது உள்ளே சேர்த்துவிடு.

அண்ணன்

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஆறு பக்கத்தையும் வரிவிடாமல் படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பிரிவு ஆகஸ்ட் கடைசியிலேயே மூடியாகிவிட்டது. உனக்கு இருக்கிற கவலையில் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், குடும்ப வியாதி. இப்போது மார்க் போடவும் இயந்திரமே பழகிவிட்டது, நாற்பது பேரும் வீட்டில். வரவேற்பில் இருந்த பெண், இந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று மூன்று பேரிடம் போன் செய்து கேட்டாள். நல்ல பெண்தான், அவளுக்கே தெரியவில்லை. மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்தேன், அவருக்கும் வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது, நான் தபால் போட்ட அன்றைக்கே. தபால் போய்ச் சேருவதற்கு முன்பே எப்படி என்று பார்த்தால், அவர்கள் இணையதளத்தில் நான் என் பெயரைப் பதிந்ததற்கு வந்த பதில்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நினைவுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, உன்னிடம் மறைத்து இன்னொரு ஏப்ரலை நான் தாங்க மாட்டேன். ஒருநாள் திரையில் ஒருவர் தனக்கு யாருமில்லை என்கிறார். ஒரு பதில், தனியாக இருந்தால் சொல்லுங்கள், இங்கிருந்து ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றது. உன்னோடு இருந்த யாரோ எழுதியது. இன்னொன்று உன்னுடையது, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. உன்னுடையதைத்தான் தட்டினேன் அண்ணா. அது நல்ல பதில் இல்லை என்று அப்போதே தெரிந்தது. உன் பதில் தோற்கக் கூடாது என்று தட்டினேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். என்னை மன்னி என்று கேட்க மாட்டேன், கேட்கிற இடத்தில் நான் இல்லை.

பட்டாசு

நவம்பர் 6

அன்புள்ள பட்டாசுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வா, அண்ணி அலமாரியில் பாதியை உனக்காக ஒழித்துவிட்டாள். யார் யாரை மன்னிப்பது என்பதை நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பொய்யை எழுதினவன் நான், அதற்கு மார்க் போட்டவள் நீ. பங்கு பிரிப்பது கஷ்டம்.

ஒரு மாதமாகக் காலை எட்டு முதல் பத்து வரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். வாயைத் திறந்து பேசினால் கண்டுபிடித்துவிடலாம் என்று போனேன். ஆனால் வருகிறவர்கள் பேசுவதில்லை. வாசலில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள், தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். கையில் கோலோடு தனியாக வருகிறவர்களிடம் நானாகப் போய் மணி என்ன என்று கேட்பேன், பதிலைக் கேட்பதற்காக. காவலாளிக்கு என்மேல் சந்தேகம். நேற்றுவரை ஒருவரும் கிடைக்கவில்லை.

இன்று காலை ஓர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். மணி கேட்டேன். சொன்னார். ஆறு வருஷமாக நான் கேட்ட குரல், சர்க்கரைக்காக வருகிறவர், என் பட்டியலில் நாலாவது. என்னையும் குரலை வைத்தே தெரிந்துகொண்டார். "போன் தம்பியா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கு யாருமில்லன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி? நேத்து குரல் வேற மாதிரி இருந்தாலும் பேச்சு உங்க பேச்சுதானே, எத்தனை தடவை சொன்னேன். கூட யாராவது கிடைச்சதும் கூப்பிடுங்கன்னு சொல்லி வச்சிட்டீங்களே" என்றார்.

போனில் பேசியது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தப்புதாம்மா, மன்னிச்சிருங்க என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

அண்ணன்